ஏசிஎல் அறுவை முடிந்து 18 வாரம், தொடையில் பலம் ஏறவில்லை

3 மார்ச், காலை. ரைட்கார்னர் என்ற பெயரில் எழுதும் கபடி ஆட்டக்காரர்

இடது முழங்கால். ஏசிஎல் (கீழ்க்கால் எலும்பு முன்னால் நழுவாமல் பிடிக்கும் தசைநார்) அறுவை முடிந்து 18 வாரம். ஹாம்ஸ்ட்ரிங்கிலிருந்து (பின்தொடைத் தசை) எடுத்த கிராஃப்ட் (ஏசிஎல்லுக்குப் பதில் வைத்த நார்), மெனிஸ்கஸில் (மூட்டுக்குள் மெத்தை போன்ற குருத்தெலும்பு) தையல் எதுவும் இல்லை. எடை 68 கிலோ. கால் முழுதாக நீள்கிறது, மடக்கினால் 130 டிகிரி வருகிறது.

தினமும் மல்லாந்து படுத்துக் காலை நேராகத் தூக்குவது 100 முறை, சுவரில் சாய்ந்து அரை உட்கார்வு 3 நிமிடம், சைக்கிள் அரை மணி. ஒரு நாளும் விட்டதில்லை. முழங்கால் சில்லுக்கு 15 செமீ மேலே டேப் வைத்தால் இடது தொடை 3 செமீ குறைவு. 10வது வாரத்திலும் இதே 3 தான். மாடி ஏறிவிடுகிறேன். இறங்கும்போது கடைசி நொடியில் கால் பொத்தென்று விழுகிறது.

லெக் எக்ஸ்டென்ஷன் மெஷின் (உட்கார்ந்து காலை நீட்டி எடை தூக்குவது) பக்கமே போகாதே, கிராஃப்ட் அறுந்துவிடும் என்கிறார்கள் ஜிம்மில். தூக்குவதை 200 ஆக்கினால் சரியாகுமா? ஜூலையில் கபடி இறங்கலாமா?

3 மார்ச், இரவு. நெம்புகோல் என்ற பெயரில் பதில் எழுதுபவர்

200 இல்லை, 500 தூக்கினாலும் ஏறாது. கணக்குப் போட்டுப் பாருங்கள்.

காலை நேராகத் தூக்கும்போது முன்தொடைத் தசை தாங்குவது முழங்காலுக்குக் கீழே உள்ள எடையை மட்டும்தான். கீழ்க்காலும் பாதமும் சேர்ந்து உடல் எடையில் சுமார் 6%. உங்களுக்கு 4 கிலோ சொச்சம். அதன் மையம் முழங்காலிலிருந்து ஏறக்குறைய 24 செமீ தள்ளி இருக்கும். எடையை விசையாக்கி (× 9.81) பெருக்கினால் சுமார் 10 நியூட்டன் மீட்டர் (முழங்காலைத் திருப்பும் விசையின் அளவு) வரும். உங்கள் எடையுள்ள ஆரோக்கியமான ஆள் முன்தொடையால் 170, 180 நியூட்டன் மீட்டர் தள்ளுவார். அதில் 6% கூட இல்லாத சுமையை எத்தனை முறை தூக்கினாலும் தசைக்கு வளரக் காரணம் கிடைக்காது. தூக்குகிற வேலையில் பெரும்பகுதியை இடுப்பு மடக்கும் தசைகள் செய்கின்றன, முன்தொடை முழங்காலைப் பூட்டி வைத்துக்கொண்டு சும்மா இருக்கிறது.

அந்தப் பயிற்சி தப்பு என்று சொல்ல வரவில்லை. முதல் 2, 3 வாரத்தில் அதற்கு ஒரு வேலை உண்டு: தூக்கும்போது முழங்கால் தொங்காமல் நேராக நிற்கிறதா என்று பார்ப்பது. தொங்காமல் 20 முறை வந்துவிட்டால் அதன் வேலை முடிந்தது. நீங்கள் பாஸான பரீட்சையையே நாலு மாதமாக எழுதிக்கொண்டிருக்கிறீர்கள்.

சுவர் உட்கார்வில் சுமை போதும், ஆனால் அது எந்தக் காலுக்குப் போகிறது என்பது தெரியாது. வீட்டில் எடை பார்க்கும் டிஜிட்டல் மெஷின் இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, மெஷினுக்கு ஒரு காலாக ஏறி, மெதுவாக உட்கார்ந்து எழுங்கள். வேறொருவர் எண்ணைப் படிக்கட்டும். இடதில் 27, வலதில் 41 என்று வந்தால் ஆச்சரியப்பட வேண்டாம்.

4 மார்ச். நெம்புகோல்

நேற்று முதலில் கேட்டிருக்க வேண்டியது: முழங்காலில் நீர் இருக்கிறதா?

மூட்டுக்குள் நீர் கோத்தால், முன்தொடைக்குப் போகும் நரம்புக் கட்டளையை முதுகுத் தண்டிலேயே உடம்பு குறைத்துவிடும். ஆள் முழு மனதோடு இறுக்கினாலும் தசையில் ஒரு பகுதி வேலைக்கே வராது. சோம்பலோ பயமோ அல்ல, அனிச்சை. 1984-இல் நல்ல முழங்கால்களில் உப்புநீர் ஏற்றிப் பார்த்த சோதனையில், முன்தொடைத் தசையின் உள்பக்கப் பகுதி 20 முதல் 30 மில்லியிலேயே அடங்கத் தொடங்கியது. மற்ற பகுதிகளுக்கு 50 முதல் 60 மில்லி வேண்டியிருந்தது. 20 மில்லி என்பது நாலு டீஸ்பூன். வெளியிலிருந்து பார்த்தால் வீக்கம் என்றே தோன்றாது. அறுவை ஆனவர்களுக்கு உள்தொடையில் அந்தக் குழி முதலில் விழுவதற்கும் இதில் பங்கு உண்டு.

பார்க்கும் முறை: காலை நீட்டி, தொடையைத் தளர விட்டு உட்காருங்கள். முழங்கால் சில்லின் உள்பக்கத்தில், கீழிருந்து தொடையை நோக்கி உள்ளங்கையால் இரண்டு மூன்று முறை வழித்துவிடுங்கள். பிறகு வெளிப்பக்கத்தில், தொடையிலிருந்து கீழ்நோக்கி ஒரு முறை வழியுங்கள். அப்போது உள்பக்கப் பள்ளத்தில் எதுவும் வரவில்லை என்றால் நீர் இல்லை. மெல்லிய அலை ஓடினால் சிறு தடம். நன்றாகப் புடைத்தால் ஒன்று. வெளிப்பக்கம் தொடாமலே தானாகத் திரும்பி வந்தால் இரண்டு. வழித்தே அகற்ற முடியாவிட்டால் மூன்று. காலையில் எழுந்ததும் ஒரு முறை, பயிற்சி முடிந்து ஒரு மணி நேரத்தில் ஒரு முறை பார்த்து எழுதி வையுங்கள்.

6 மார்ச். ரைட்கார்னர்

காலையில் இல்லை. சைக்கிள் முடிந்த பிறகு ஒன்று. இரண்டு மெஷின் வைத்துப் பார்த்தேன் சார். இடது 25, வலது 43.

6 மார்ச். நெம்புகோல்

மறுநாள் காலைக்குள் வற்றிவிடுகிறது என்றால் கெட்ட செய்தி இல்லை. தினமும் அதே முழங்காலை அதே அளவு கிளறுகிறீர்கள், அவ்வளவுதான். சைக்கிள் சீட் உயரம் பாருங்கள்: பெடல் அடியில் இருக்கும்போது முழங்காலில் 25, 30 டிகிரி வளைவு மட்டும் இருக்க வேண்டும். சீட் தாழ்ந்திருந்தால் மேலே வரும்போது சில்லின் பின்னால் அழுத்தம் ஏறும். 15 நிமிடமாகக் குறையுங்கள், பலப் பயிற்சி இல்லாத நாளில் ஓட்டுங்கள்.

எல்லோருக்கும் ஒரு விதி. பயிற்சிக்கு மறுநாள் காலையில் நீர் ஒரு படி கூடியிருந்தால் அன்று சுமை இல்லை, ஐஸும் அசைவும் மட்டும். கூடவில்லை என்றால் அதே சுமை. இரண்டு முறை தொடர்ந்து கூடாமல் இருந்தால் ஏற்றலாம். பயிற்சிக்கு முன் 20 நிமிடம் துணியில் சுற்றிய ஐஸ் வைப்பது, நீர் அடக்கிய தசையைத் தற்காலிகமாகத் திறந்துவிடும். பயிற்சிக்குப் பின் வைப்பதைவிட முன்னால் வைப்பதுதான் பலத்துக்கு உதவும். பலர் தலைகீழாகச் செய்கிறார்கள்.

7 மார்ச். நெம்புகோல்

இனி அந்த மெஷின் பயம்.

இது வெறும் ஜிம் வதந்தி அல்ல, பயத்துக்கு ஒரு அடிப்படை உண்டு. உட்கார்ந்து காலை நீட்டும்போது, கடைசி 30, 40 டிகிரியில் முன்தொடை கீழ்க்கால் எலும்பை முன்னால் இழுக்கும். அந்த இழுப்பைத் தடுப்பது ஏசிஎல். அமெரிக்காவில் வெர்மான்ட் பல்கலைக்கழகக் குழு 1990-களில், உயிருள்ள மனிதர்களின் நல்ல ஏசிஎல்லில் சிறு அளவுமானி பொருத்தி அளந்தது. முழங்கால் 15 டிகிரி மடங்கியிருக்க (முழு நேர் என்றால் பூஜ்யம்) முன்தொடையை இறுக்கினால் ஏசிஎல் 4.4% நீண்டது. 30 டிகிரியில் 2.7%. 60, 90 டிகிரியில் பூஜ்யம்.

யாரும் பக்கத்தில் எழுதாத எண் இது: சாதாரண உட்கார்ந்து எழும் ஸ்குவாட்டில் 3.6%. கணுக்காலில் நாலரை கிலோ கட்டி உட்கார்ந்து நீட்டியதில் 3.8%. மாடி ஏறுவதில் 2.7%. ஆக ஒன்றைப் 'பாதுகாப்பு' என்றும் மற்றதைப் 'பாதகம்' என்றும் பிரித்த கோடு, நினைத்த அளவுக்குத் தடிமன் இல்லை. நல்ல ஏசிஎல்லில் எடுத்த எண்கள் இவை. புதுக் கிராஃப்ட் 6 முதல் 12 வாரம் வரை பலம் குறைந்த நிலையில் இருக்கும், அதனால் அந்தக் காலத்தில் எச்சரிக்கை நியாயம். 18வது வாரத்தில் அந்த எச்சரிக்கையையே பிடித்துக்கொண்டிருப்பது நியாயம் இல்லை.

2016-இல் வந்த நெதர்லாந்து வழிகாட்டு நெறி இதைத் தெளிவாக வைக்கிறது. 4வது வாரத்திலிருந்து 90 முதல் 45 டிகிரி வரை மட்டும். 5வது வாரம் 30 வரை, 6வது வாரம் 20, 7வது வாரம் 10, 8வது வாரம் முழு நீட்டல்.

ஸ்குவாட், லெக் பிரெஸ் (உட்கார்ந்து எடைப் பலகையைக் காலால் தள்ளுவது), படி ஏறுதல் எல்லாம் வேண்டும். ஆனால் அவற்றில் இடுப்பும் பின்தொடையும் முன்தொடையின் வேலையைத் திருடிக்கொள்ள இடம் இருக்கிறது. ஆள் உடம்பைக் கொஞ்சம் முன்னால் சாய்த்தால் போதும், சுமை இடுப்புக்குப் போய்விடும். கண்ணாடியில் அழகான ஸ்குவாட் தெரியும், முன்தொடை தூங்கிக்கொண்டிருக்கும். லெக் எக்ஸ்டென்ஷனில் திருட வழியில்லை. அறுவைக்குப் பிறகு குறைந்த தசை எதுவோ அதை மட்டும் பிடித்து வேலை வாங்கும் கருவி அது ஒன்றுதான்.

7 மார்ச். இரும்புத்தட்டு

அண்ணே, எங்க ஊர் ஜிம்மில் அந்த மெஷினே கிடையாது. நிறைய பேர் கணுக்காலில் மணல் மூட்டை கட்டி 90-லிருந்து 45 வரை செய்கிறார்கள். ரப்பர் பேண்டும் போடுகிறார்கள். அது பரவாயில்லையா?

8 மார்ச். நெம்புகோல்

பரவாயில்லை என்று சொல்ல முடியாது. காரணம் நெம்புகோல் கணக்கு.

மேஜையில் உட்கார்ந்து கால் தொங்கும்போது மணல் மூட்டை நேர் கீழே இழுக்கிறது, முழங்காலில் அதன் திருப்பம் பூஜ்யம். காலை நீட்ட நீட்டத் திருப்பம் கூடி, முழுதாக நீளும்போது உச்சம். 90 முதல் 45 வரை நீங்கள் தூக்குவது சராசரியாக மூட்டையின் பாதிக்கும் குறைந்த பங்கு. மூட்டையின் முழுப் பாரம் வரும் இடம் கிராஃப்ட் இழுபடும் இடம். ரப்பர் பேண்டும் நீட்ட நீட்டத்தான் இறுகும். எந்தக் கோணத்தில் சுமை வேண்டுமோ அங்கே இல்லை, எங்கே வேண்டாமோ அங்கே அதிகம். மெஷினில் பல் சக்கரமோ வளைவட்டமோ வைத்து இதைச் சமப்படுத்தியிருப்பார்கள்.

மெஷின் இல்லாத ஊரில் அசையாத தள்ளல் செய்யுங்கள். கனமான மேஜையில் உட்கார்ந்து, கணுக்காலுக்கு மேலே பட்டை கட்டி, பின்னால் மேஜைக் காலோடு சங்கிலியால் இணைத்து, முழங்கால் 90 டிகிரியில் இருக்க முழுப் பலத்தில் பாதிக்கு மேல் தள்ளிப் பிடிக்க வேண்டும். 30 முதல் 45 நொடி, 5 முறை, நடுவில் ஒன்றரை நிமிட ஓய்வு. பிறகு சங்கிலியை நீட்டி 60 டிகிரியிலும் அதே. இந்த இரண்டு கோணத்திலும் ஏசிஎல் இழுபடுவதில்லை. செலவு பெரிதில்லை.

8 மார்ச், சற்றுப் பிறகு. நெம்புகோல்

நேற்றைய குறிப்பில் ஒரு பிழை, திருத்தாமல் விட்டால் யாருக்காவது காயம் ஆகும். அந்த வாரக் கணக்கு சில்லுத் தசைநார் (முழங்கால் சில்லுக்குக் கீழே உள்ள தசைநார்) கிராஃப்ட்டுக்குச் சுமையோடு பொருந்தும். ஹாம்ஸ்ட்ரிங் கிராஃப்ட் என்றால் கோணங்கள் அதேதான், ஆனால் 12 வாரம் வரை கூடுதல் சுமை கிடையாது, காலின் சொந்த எடை மட்டும். கிராஃப்ட் தளர்வு பற்றிய அச்சம் ஹாம்ஸ்ட்ரிங்கில் கூடுதல் என்பதால். ரைட்கார்னர் 12-ஐத் தாண்டிவிட்டார், அவருக்குத் தடை இல்லை. 6, 7 வாரத்தில் இதைப் படிப்பவர்கள் கவனிக்கவும். மெனிஸ்கஸ் தையல், குருத்தெலும்பு வேலை இருந்தால் இந்தக் கணக்கே வேறு, அறுவை செய்த மருத்துவர் கொடுத்த கோண வரம்புதான் சட்டம்.

9 மார்ச். இரும்புத்தட்டு

18 வாரக்காரருக்கு வாரத் திட்டம். வாரம் 3 நாள், நடுவில் ஒரு நாளாவது இடைவெளி.

மெஷினில் முதலில் அமைப்பு. முழங்கால் மூட்டின் நடுவும் மெஷின் அச்சும் ஒரே கோட்டில் வர முதுகுச் சாய்வை நகர்த்துங்கள். பேட் கணுக்கால் எலும்புக்கு மேலே இருக்க வேண்டும், பாதத்தின் மேல் அல்ல. பின்னால் சாய்ந்து கைப்பிடியை இறுக்கிப் பிடியுங்கள். பின்புறம் எழும்பினால் எடை அதிகம்.

ஒரு காலாக மட்டும். அறுவையான கால் முதலில், 3 சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் 10 முறை, நிறுத்தும்போது இன்னும் இரண்டு முறை முடியும் என்ற நிலை இருக்க வேண்டும். ஐந்து முடியும் என்றால் எடை போதாது. ஏற்ற ஒரு நொடி, இறக்க 3 நொடி. சுற்றுகளுக்கு நடுவில் 2 நிமிடம் கடிகாரம் பார்த்து. நல்ல காலுக்கு ஒரு சுற்று போதும். 3 சுற்றிலும் 12 வந்தால் அடுத்த நாள் 2.5 கிலோ ஏற்றி மறுபடி 10 அல்லது 8-இலிருந்து. மெஷினில் தட்டு 5 கிலோவாகத் தாவுகிறது என்றால் 2.5 கிலோ தட்டு ஒன்றைக் கம்பியில் மாட்டலாம்.

பிறகு ஒற்றைக் கால் லெக் பிரெஸ் 3 சுற்று 8. பிறகு 20 செமீ படியிலிருந்து இறங்குதல் 3 சுற்று 8: அறுவையான கால் படியில் இருக்க, மற்றக் குதிகால் தரையைத் தொட்டுத் திரும்ப வேண்டும், எடை இறக்கக் கூடாது. இறங்க 3 நொடி ஆகவில்லை என்றால் 10 செமீயிலிருந்து தொடங்குங்கள். பழைய செங்கல் இரண்டு, மேலே ரப்பர் பாய்.

கெண்டைக்கால் விட்டுப்போகிறது எல்லோருக்கும். ஒற்றைக் காலில் குதிகால் உயர்த்தி 25 முறை வர வேண்டும்.

9 மார்ச். நெம்புகோல்

நல்ல திட்டம். ஒரே மாற்றம்: இவர் அந்த மெஷினில் உட்கார்ந்ததே இல்லை, மூட்டில் மாலையில் நீர் வருகிறது. முதல் இரண்டு வாரம் 90 முதல் 45 வரை. அடுத்த வாரம் 30 வரை. நீர் கூடாவிட்டால் நாலாவது வாரம் முழுதாக. கிராஃப்ட்டுக்காக அல்ல, சில்லின் பின்பக்கக் குருத்தெலும்புக்காக.

படி இறங்கும்போது பொத்தென்று விழுவதைப் பற்றிக் கேட்டிருந்தார். உடல் எடையை முழங்கால் 60, 70 டிகிரிக்கு மடங்கும்வரை தாங்கிக்கொண்டே தசை நீள வேண்டிய வேலை அது. சுருங்கித் தூக்குவதில் கிடைக்கும் பலம் இதற்கு நேராகப் பெயராது, மெதுவாக இறக்கித்தான் வாங்க வேண்டும். அந்த 3 நொடியை அலட்சியப்படுத்தாதீர்கள். 12 வாரம் கடந்தவர்கள் மெஷினில் இரண்டு காலால் ஏற்றி, அறுவையான காலால் மட்டும் இறக்குவதை வாரம் ஒரு நாள் கடைசிச் சுற்றாக வைக்கலாம்.

12 மார்ச். நெம்புகோல்

டேப்பைத் தூக்கிப் போடுங்கள். சுற்றளவில் கொழுப்பும் நீரும் சேர்ந்துதான் வருகிறது. பலம் 25% ஏறினாலும் டேப் அரை செமீ கூட நகராமல் இருக்கும். தள்ளும் விசையை அளக்க வேண்டும்.

பெரிய மையங்களில் ஐசோகைனெட்டிக் மெஷின் (கால் ஒரே வேகத்தில் அசைய, தள்ளும் பலத்தை அளப்பது) உண்டு. இல்லாதவர்களுக்கு, மூட்டை நிறுக்கும் டிஜிட்டல் தொங்கு தராசு போதும். 150 கிலோ அல்லது அதற்கு மேல் தாங்குவதாக இருக்க வேண்டும். பயணப்பெட்டி நிறுக்கும் 50 கிலோத் தராசு உடைந்து முகத்தில் அடிக்கும். உச்ச எண்ணைப் பிடித்து வைக்கும் வசதி அவசியம்.

கனமான மேஜையில் உட்காருங்கள், பாதம் தரையைத் தொடக்கூடாது. தொடையைப் பெல்ட்டால் மேஜையோடு கட்டுங்கள். கணுக்கால் எலும்புக்கு 3 செமீ மேலே அகலப் பட்டை. பட்டையிலிருந்து தராசு, தராசிலிருந்து சங்கிலி, சங்கிலி பின்னால் மேஜைக் காலில். முழங்கால் 90 டிகிரி. பாதிப் பலத்தில் ஒன்று, முக்கால் பலத்தில் ஒன்று என்று சூடேற்றிவிட்டு, 5 நொடி முழுப் பலத்தில் தள்ளுங்கள். ஒரு நிமிட ஓய்வில் 4 முறை. அதிகபட்ச எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். நல்ல கால் முதலில். வலி பத்தில் மூன்றைத் தாண்டினால் அந்த எண் செல்லாது, அது தசையின் எண் அல்ல, வலியின் எண்.

முழங்கால் மடிப்பின் வெளிப்பக்கக் கோட்டிலிருந்து பட்டையின் நடு வரை எத்தனை செமீ என்று அளந்து எழுதுங்கள்.

15 மார்ச். ரைட்கார்னர்

வலது 52 கிலோ, இடது 33. நீளம் 34 செமீ. நைலான் கயிறு போட்டதில் முதலில் 38, 24 என்று வந்தது. கயிறு நீள்கிறது என்று சங்கிலி மாற்றினேன்.

15 மார்ச். நெம்புகோல்

சங்கிலி என்று எழுதினேன், ஏன் என்று எழுதவில்லை. கயிறு நீண்டால் கோணம் மாறி, கால் நீண்ட நிலையில் தள்ள வேண்டியதாகிறது. எண் குறைகிறது, கிராஃப்ட்டும் இழுபடுகிறது. இன்னொன்று: சங்கிலி கீழ்க்காலுக்குச் செங்குத்தாக இருக்கிறதா என்று பக்கத்திலிருந்து படம் எடுத்துப் பாருங்கள். சாய்ந்திருந்தால் இரண்டு காலுக்கும் எண் குறைவாகக் காட்டும்.

உங்கள் கணக்கு: 33 × 9.81 × 0.34 = 110 நியூட்டன் மீட்டர். எடை 68-ஆல் வகுத்தால் 1.62. நல்ல கால் 173, வகுத்தால் 2.55. நல்ல காலில் 63%.

ஓடத் தொடங்க 70% ஆவது வேண்டும், நீர் இல்லாமல். ஆட்டத்துக்கு 90%. ஆனால் சதவீதத்தை மட்டும் நம்பாதீர்கள். நாலு மாதம் குறைவாக நடந்ததில் நல்ல காலும் இளைத்திருக்கும். இளைத்த காலோடு ஒப்பிட்டு 90% என்பது வெறும் ஆறுதல். எடைக்கு எவ்வளவு என்பதையும் சேர்த்துப் பாருங்கள்: இளம் விளையாட்டுக்காரருக்கு ஒரு கிலோவுக்கு 3 நியூட்டன் மீட்டர் என்ற இலக்கைத்தான் பெரும்பாலும் வைக்கிறோம். உங்கள் நல்ல காலே அதற்குக் கீழே.

22 மார்ச். மாடிப்படி

எனக்குச் சில்லுத் தசைநாரிலிருந்து எடுத்த கிராஃப்ட், 14 வாரம். மெஷினில் உட்கார்ந்தாலே சில்லுக்குக் கீழே சுரீரென்கிறது. பூஜை அறையில் மண்டி போட முடியவில்லை. பிசியோ அக்கா கரண்ட் வைக்கிறார்கள், வலி குறைகிறது, பலம் வரவில்லை.

23 மார்ச். நெம்புகோல்

இரண்டு தனி விஷயம்.

வலி: எடுத்த இடம் புண் ஆறிக்கொண்டிருக்கும் தசைநார். அதற்கு வேகம் பிடிக்காது, நிலையான சுமை பிடிக்கும். மெஷினை 60, 70 டிகிரியில் பூட்டி, முழுப் பலத்தில் சுமார் 70% தள்ளி 45 நொடி, 5 முறை, 2 நிமிட இடைவெளி. செய்யும்போது பத்தில் மூன்று வரை வலிக்கலாம், மறுநாள் காலை பழைய நிலைக்கு வந்திருக்க வேண்டும். மூன்று வாரத்தில் தாங்கினால் மெதுவான ஏற்ற இறக்கத்துக்குப் போங்கள், ஏற்ற 3 நொடி, இறக்க 4 நொடி. குதிப்பது கடைசி. மண்டி போடுவதற்குக் கட்டில் மெத்தையில் தொடங்குங்கள், எடை கையில் பாதி, தினம் இரண்டு நிமிடம். பிறகு மடித்த ஜமுக்காளம். தழும்பைச் சுற்றி மரத்துப்போன தோலைப் பஞ்சாலும் சொரசொரப்பான துண்டாலும் தேய்த்துப் பழக்குவதும் உதவும்.

கரண்ட்: 'கரண்ட் வைக்கிறது' என்ற ஒரே சொல்லில் மூன்று கருவிகள் ஒளிந்திருக்கின்றன. ஐஎஃப்டி வலிக்கு. டென்ஸ் வலிக்கு. தசையைச் சுருக்கிப் பலம் ஏற்றுவது என்எம்இஎஸ், அது வேறு. அக்காவிடம் அதைக் கேளுங்கள். முழங்காலை 60 டிகிரியில் பூட்டி, பெரிய பேட் ஒன்றைத் தொடையின் மேல் வெளிப்பக்கத்திலும் ஒன்றை உள்தொடைச் சதையின் கீழ்ப்பகுதியிலும் ஒட்ட வேண்டும். நொடிக்கு 50 முதல் 75 துடிப்பு, துடிப்பு அகலம் 300 முதல் 400 மைக்ரோநொடி. 10 நொடி சுருக்கம், 50 நொடி ஓய்வு, 10 முதல் 15 முறை. வெறும் குறுகுறுப்பு வந்தால் நேர விரயம். தசை பாறை மாதிரி இறுகி, தாங்கும் எல்லை வரை ஏற்ற வேண்டும். கரண்ட் வரும்போது நீங்களும் சேர்ந்து தள்ளுங்கள். முதல் இரண்டு மாதத்தில் இதன் பயன் அதிகம், 14 வாரத்திலும் தசை விழிக்கவில்லை என்றால் முயலலாம்.

24 மார்ச். இரும்புத்தட்டு

மாடிப்படி அக்காவுக்கு இன்னொரு வழி, இரத்த ஓட்டம் குறைத்துச் செய்வது. தொடை மேல் பட்டையில் காற்று ஏற்றி, ஒரே ஒரு முறை தூக்க முடிகிற எடையில் 20, 30% வைத்து, 30, 15, 15, 15 முறை என்று நடுவில் 30 நொடி ஓய்வோடு. எடை குறைவு என்பதால் மூட்டு நோகாது.

24 மார்ச். நெம்புகோல்

சரி, ஆனால் டாப்ளர் (இரத்த ஓட்டத்தை ஒலியால் அறியும் கருவி) வைத்து ஓட்டம் நிற்கும் அழுத்தத்தைக் கண்டுபிடித்து, அதில் 80% வைக்கத் தெரிந்தவரிடம் மட்டும். துண்டையும் சைக்கிள் டியூபையும் இறுக்கிக் கட்டும் வீடியோக்கள் சுற்றுகின்றன. செய்யாதீர்கள். காலில் இரத்தக் கட்டி வந்தவர்கள், ரத்த அழுத்தம் கட்டுக்குள் இல்லாதவர்கள் பக்கமே போகக்கூடாது. கெண்டைக்கால் ஒரு பக்கம் மட்டும் வீங்கி, சூடாகி, அமுக்கினால் வலித்தால் பயிற்சியும் வேண்டாம், எண்ணெய்த் தேய்ப்பும் வேண்டாம், அன்றே மருத்துவமனை.

30 மார்ச். நெம்புகோல்

சாப்பாடு பற்றிக் கேட்டவர்களுக்குச் சுருக்கமாக. புரதம் உடல் எடைக் கிலோவுக்கு ஒரு நாளைக்கு 1.6 கிராம். 68 கிலோ ஆளுக்கு 110 கிராம் அளவு. நாலு இட்லி, சாம்பாரில் 12, 14 கிராம் கிடைத்தால் பெரிது; காலையில் நாம் எல்லோரும் தோற்பது இங்கேதான். அதோடு இரண்டு முட்டை சேர்த்தால் இன்னும் 12. மதியம் 100 கிராம் சமைத்த கோழியில் 27 முதல் 30. சைவர்களுக்கு 50 கிராம் சோயா உருண்டையில் 26, 100 கிராம் பன்னீரில் 18, ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டலில் 12 அளவு. ராத்திரி ஒரே வேளையில் கொட்டாமல் மூன்று நாலு வேளையாகப் பிரியுங்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் கூட்ட வேண்டாம்.

11 ஏப்ரல். நெம்புகோல்

முன்தொடை, முன்தொடை என்றே எழுதிக்கொண்டிருந்ததில் ஒன்று விடுபட்டது. ஹாம்ஸ்ட்ரிங்கிலிருந்து எடுத்தவர்களுக்குப் பின்தொடையும் பாதிக் கணக்கில் இருக்கிறது. முதல் 8 முதல் 12 வாரம் எதிர்ப்போடு மடக்கக் கூடாது. நடுவில் செருப்பை எடுக்கக் குனிந்தபோது தொடையில் டப்பென்று சத்தம் கேட்டது என்று வருவார்கள். எடுத்த இடத்தில் ஒட்டியிருந்தது விடுபட்டிருக்கும், கிராஃப்ட் அல்ல, பயப்பட வேண்டாம், ஆனால் இரண்டு வாரம் பின்தள்ளும்.

12 வாரத்துக்குப் பிறகு குப்புறப் படுத்து மடக்கும் மெஷின் 3 சுற்று 8. உட்கார்ந்து மடக்கும் மெஷின் மட்டும் போதாது: இவர்களுக்குப் பலம் குறைவது 90-ஐத் தாண்டிய ஆழ்ந்த மடக்கலில், குப்புறப் படுத்து, குதிகாலைப் பின்புறம் வரை கொண்டுவந்தால்தான் அது தெரியும். பரிசோதிக்க: நாற்காலியில் குதிகால் வைத்து, மல்லாந்து ஒற்றைக் காலில் இடுப்பை உயர்த்துங்கள். இரு பக்கமும் 20-க்கு மேல் வர வேண்டும்.

5 மே. ரைட்கார்னர்

27வது வாரம். இடது 43, வலது 58. ஒன்பது வாரம் பாடுபட்டும் 63-லிருந்து 74 தான் ஆகியிருக்கிறது. நீர் இல்லை. ஜூலை இறுதியில் மாவட்டப் போட்டி.

5 மே. நெம்புகோல்

'தான்' வேண்டாம். இடது 33-லிருந்து 43: 30% ஏற்றம். வலதும் 52-லிருந்து 58 ஏறியதால் சதவீதம் சிறிதாகத் தெரிகிறது. மார்ச்சில் உங்கள் நல்ல கால் இளைத்திருந்தது என்பதற்கு இதுவே சாட்சி. இன்றைய வலதோடு ஒப்பிட்டால் அன்றைய இடது 57%. கிலோவுக்கு 1.62 என்பது இப்போது 2.11. டேப் என்ன சொல்கிறது என்று கேட்கவே மாட்டேன்.

ஓட்டத்துக்குத் தகுதி வந்துவிட்டது. ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை, 8 முறை, ஒரு நாள் விட்டு ஒரு நாள். தரை புல்லாக இருக்கட்டும். பலப் பயிற்சியை ஓட்டத்துக்காக விடக்கூடாது, பெரும்பாலானவர்கள் நிற்பது இந்த இடத்தில்தான்: ஓட முடிகிறது என்றதும் மெஷினை மறந்துவிடுகிறார்கள், 75-இலேயே உறைந்து போகிறார்கள்.

போட்டி பற்றி. நார்வே, அமெரிக்கா சேர்ந்து 106 பேரைப் பின்தொடர்ந்து 2016-இல் வெளியான ஆய்வு: 9 மாதம் வரை, களத்துக்குத் திரும்புவதைத் தள்ளிப்போட்ட ஒவ்வொரு மாதத்துக்கும் மறுகாயம் சுமார் பாதியாகக் குறைந்தது. பலமும் குதிப்புச் சோதனையும் தேறித் திரும்பியவர்களில் 5.6% பேருக்கு மறுகாயம், தேறாமல் திரும்பியவர்களில் 38.2%. ஜூலை இறுதி உங்களுக்குச் சரியாக 9 மாதம். நாள் வந்துவிடும். 74% வைத்துக்கொண்டு நாள் வந்து பயனில்லை. ஜூன் கடைசியில் அளந்து பாருங்கள். 85-க்குக் கீழே என்றால் ஜூலையை மறந்துவிடுங்கள்.

கார்னர் ஆட்டக்காரருக்கு இன்னும் ஒன்று. ரைடரின் கணுக்காலைப் பிடித்த பிறகு அவர் இழுக்கும் இழுப்பை நீங்கள் மடங்கிய காலில் தாங்குகிறீர்கள், அதுவும் திரும்பிக்கொண்டே. நேராக ஓடுவதும் நேராகக் குதிப்பதும் இதற்குச் சோதனை ஆகாது. ஆள் பிடிக்கும் பயிற்சி, முதலில் அசையாத ஆள், பிறகு நடக்கும் ஆள், பிறகு சொல்லிவிட்டு இழுக்கும் ஆள், கடைசியில் சொல்லாமல் இழுக்கும் ஆள், ஒவ்வொன்றுக்கும் இரண்டு வாரமாவது.

6 மே. மாடிப்படி

45 நொடி தள்ளல் பலிக்கிறது சார். வலி ஒன்று. ஒரு சின்னக் கேள்வி, ஸ்கூட்டரைக் கிக் அடிக்கலாமா? அறுவையான கால் வலது.

6 மே. நெம்புகோல்

20 வாரத்தில் உதைக்கும் பலம் இருக்கும். சிக்கல் உதையில் இல்லை, திருப்பி அடிக்கும்போது. இன்ஜின் பிடிக்காமல் நெம்பு திருப்பி உதைத்தால் முழங்கால் கிட்டத்தட்ட நேராக இருக்கும் நேரத்தில் அடி விழும், பாதமும் வெளிப்பக்கம் திரும்பியிருக்கும். 9 மாதம் வரை செல்ஃப் ஸ்டார்ட். பேட்டரி இறங்கியிருந்தால், சென்டர் ஸ்டாண்ட் போட்டு, கீழே நின்று இடது காலால் அடியுங்கள், அல்லது பக்கத்து வீட்டுத் தம்பியைக் கூப்பிடுங்கள். சென்டர் ஸ்டாண்ட் போடும்போதும் இடது காலால் மிதியுங்கள்.